பூனை பார்த்த ஓவியம்

ஒரு பெண்ணை நாற்காலியில் உட்காரவைத்துத் தான் வரைந்துகொண்டிருப்பதையே ஓவியர் மாசிலாமணி பெரிய எண்ணெய் ஓவியமாகத் தீட்டி முடித்தார். அவர் சாப்பிடப் போனதும் வீட்டுப் பூனை அதைப் பார்க்க வந்தது. அவர் வரைந்த இருபது நாளும் அந்த நாற்காலிக்கு அடியிலேயே படுத்திருந்த பூனை அது.

"இதில் நான் எங்கேயும் இல்லை. இனி இந்த வீட்டில் எனக்கென்ன வேலை?" என்று அது வாசலைப் பார்த்துக் கிளம்பியது.

"வண்ணமும் சரியில்லை" என்றது கூண்டுக்கிளி.

சுவரிலிருந்த பல்லி பூனையைக் கூப்பிட்டது. "அந்தச் சேலை மடிப்புக்குக் கீழே பார். உன் வால் நுனி தெரிகிறது."

பூனை திரும்பி வந்து உற்றுப் பார்த்தது. மயிர்கூடத் தனித்தனியாகத் தெரிந்தது. "என்ன கைத்திறமை! அப்படியே உயிரோடு இருக்கிறது" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

"படத்தில் தரையில் கிடப்பது உன் கூண்டின் நிழல்தான்" என்று கிளியிடமும் பல்லி சொன்னது.

கிளி தலையைச் சாய்த்துப் பார்த்தது. "வெளிச்சத்தில் பார்த்தால் வண்ணம் நன்றாகத்தான் இருக்கிறது."

"அந்தப் பெண் ஏதோ சொல்ல வாயெடுப்பதுபோல் இருக்கிறாளே, கவனித்தீர்களா?" என்று பல்லி கேட்டது.

"பார்க்கலாம், என்ன அவசரம்?" என்ற பூனை, தன் வாலிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.