யாரும் தொடக் கூடாது

"ரோஹிணி தூரம். மூணு நாளைக்கு யாரும் அவளைத் தொட வேண்டாம். அடுக்களைப் பக்கமும் வர வேண்டாம்."

ஹாலில் இருந்த எல்லாருக்கும் கேட்கிற மாதிரி அம்மா சொன்னாள். மருமகளின் இடுப்பில் இருந்த குழந்தையை முதலில் வாங்கிக்கொண்டு, அப்புறம்தான் சொன்னாள்.

ஷ்யாம்சுந்தருக்குக் காது சூடாகிவிட்டது. இந்தச் சேலையூர் வீட்டில் அந்தப் பழக்கமே கிடையாது. போன தடவைகூட அந்த நாளில் ரோஹிணி வார்த்த தோசையை அம்மா கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டாள். இப்போது தன் நாத்தனார் வந்து உட்கார்ந்ததும் திடீரென்று ஆசாரம்.

வேதா அத்தைக்கு முகமெல்லாம் சிரிப்பு. "இப்பதான் மன்னிக்குப் புத்தி வந்திருக்கு" என்றாள்.

ரோஹிணி தலையணையை எடுத்துக்கொண்டு பின் அறைக்குப் போய்விட்டாள்.

"நீ ஆபீஸ் போ. அந்த ரூம் பக்கம் எட்டிப் பாக்காதே" என்று அம்மா அவனிடம் சொன்னாள்.

போவானா? மறைமலை நகருக்கு ஃபோன் போட்டு லீவு சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்தான். உட்காரக் காரணம் இருந்தது. அது அவனுக்கும் ரோஹிணிக்கும் மட்டும்தான் தெரியும்.

குழந்தை சின்மயி இன்னும் நடக்கக்கூட ஆரம்பிக்கவில்லை. அதற்குள் அடுத்தது. அந்தப் பிரசவத்தில் பட்ட பாடே ரோஹிணிக்கு ஆறவில்லை. இப்போது வேண்டாம் என்று அவள்தான் சொன்னாள், அவன் சரி என்றான். கிழக்குத் தாம்பரம் கிளினிக்கில் டாக்டர் ஸ்கேன் பார்த்து, ஆரம்பம்தான், மாத்திரையே போதும் என்றார். அவள் கையெழுத்து போட்டால் போதும், வேறு யார் சம்மதமும் தேவையில்லை என்றார். முதல் மாத்திரை அங்கேயே ஆயிற்று. மிச்சத்தை இன்று காலை வீட்டில் போட்டுக்கொண்டாள்.

என்னென்ன வரும் என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். வயிறு முறுக்கும், மாதவிலக்கைவிட அதிகமாகப் போகும், கட்டியும் வரும். குளிரலாம், வாந்தி வரலாம். வலி மாத்திரை, வெந்நீர்ப் பை, படுக்கை, இவ்வளவுதான் வேண்டும். மணிக்கு ரெண்டு பேட் முழுசா நனைந்து, அடுத்த மணியும் அப்படியே போனாலோ, காய்ச்சல் விடாமல் அடித்தாலோ உடனே வரணும். ரெண்டு வாரத்தில் ஒரு செக்கப். "பக்கத்துலயே இருந்து பாத்துக்கோங்க" என்று அவனைப் பார்த்துச் சொன்னார்.

இன்று அம்மா திருநீர்மலைக் கோயிலுக்குப் போவதாக இருந்தது. அதை நம்பித்தான் இந்த நாளை வைத்தார்கள். விடிந்ததும் அத்தை பெட்டியோடு வந்து இறங்கினாள், எல்லாரும் நாளைக்குச் சேர்ந்து போகலாமே என்று.

இப்போது பக்கத்தில் இருந்து எங்கே பார்ப்பது? பின் அறை வாசலில் அம்மா நாற்காலியைக் குறுக்கே போட்டு உட்கார்ந்து பீன்ஸ் நறுக்குகிறாள். தலை ஈரம். காலையிலிருந்து அது அவளுக்கு எத்தனையாவது குளியலோ.

அத்தை சும்மா இருக்கவில்லை. நாளைக்குப் புளியோதரை கிளறப் பெரிய உருளி வேண்டும், அதை மட்டுமாவது ரோஹிணி பரணிலிருந்து இறக்கித் தரட்டும் என்றாள்.

"அவ தொட்ட பாத்திரத்துல பெருமாளுக்குப் பண்ணுவியா வேதா?" என்று கேட்டாள் அம்மா.

அத்தை வாயை மூடிக்கொண்டு தானே ஸ்டூலில் ஏறினாள்.

ஷ்யாம் ரோஹிணிக்கு மெசேஜ் அனுப்பினான். நேரம் கழித்துப் பதில் வந்தது. 'வலி இருக்கு. படுத்திருக்கேன். அம்மாவைத் திட்டாதே.'

இவ்வளவு நல்லவளாக ஏன் இருக்கிறாள் என்று அவனுக்கு எரிச்சல்தான் வந்தது. வலியில் கிடப்பவளை யாரோ மாதிரி ஒதுக்கிவைத்திருக்கிறார்கள், அவர்களைத் திட்டக் கூடாதாம்.

அம்மா எழுந்து கொல்லைப் பக்கம் போனாள். பாத்ரூமில் மறுபடி தண்ணீர் கொட்டுகிற சத்தம். திரும்பி வந்து, சொட்டுகிற தலையோடு அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். அதற்கு மேல் அவனால் முடியவில்லை.

"நகரும்மா. அவளுக்கு உடம்பு சரியில்லை. உன் ஆசாரத்தைத் தூக்கிக் குப்பையில போடு."

அம்மா, அத்தை இருந்த அடுக்களைப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். குரலை இறக்கினாள்.

"மணிக்கு ரெண்டு பேட் நனையறதான்னு நான் பாத்துண்டுதான் இருக்கேன். நனையலை. காய்ச்சலும் இல்லை. வலி மாத்திரை குடுத்திருக்கேன்."

அவன் அப்படியே நின்றான்.

"காலையில சிங்க்கைப் பிடிச்சுண்டு நின்னா. நான்தான் கேட்டேன். சொன்னா."

"அப்புறம் ஏம்மா இந்தத் தூரம், தீட்டு எல்லாம்?"

"வேற என்ன சொன்னா உங்க அத்தை அவளைப் படுக்க விடுவா? ஒவ்வொரு தடவையும் கொல்லை வழியா உள்ளே போய்ப் பாத்துட்டு வரேன். அதான் குளியல். தொட்டுட்டுக் குளிக்கலைன்னா தீட்டுன்னு அவ நம்ப மாட்டா."

அம்மா பீன்ஸ் காம்பைக் கிள்ளிப் போட்டாள்.

"நீ கைக்குழந்தையா இருந்தப்போ எனக்கும் இதேதான். உங்கப்பாவுக்கு மட்டும் தெரியும். அவர் ஆபீஸ் போயிட்டார். மறுநாள் உங்க அத்தை எட்டுப் பேரோட வந்து நின்னா. தூரம்னு சொல்லிட்டுப் படுத்திருக்கலாம். ஆனா அதெல்லாம் இந்த ஆத்துல கிடையாதுன்னு சண்டை போட்டு அந்த வருஷம்தான் ஜெயிச்சிருந்தேன். வாயை மூடிண்டு அத்தனை பேருக்கும் தளிகை பண்ணினேன்."



அம்மா நாற்காலியை நகர்த்தினாள். வெந்நீர்ப் பையை அவன் கையில் கொடுத்தாள்.

"பத்து நிமிஷம்தான். வெளியில வந்ததும் நேரா தலைக்குக் குளி. அத்தை பாத்துண்டே இருப்பா."

உள்ளே ரோஹிணி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அவன் வெந்நீர்ப் பையை அவள் வயிற்றில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் கண்ணைத் திறக்காமலே அவன் கையை எடுத்து அதன் மேல் வைத்துக்கொண்டாள்.

வெளியே அத்தை, ஷ்யாம் எங்கே என்று கேட்டாள். ஆபீஸுக்குப் போய்விட்டான் என்றாள் அம்மா.

அன்றைக்கு அவன் குளிக்கவில்லை. அறையை விட்டு வெளியே வந்தால்தானே குளிப்பதற்கு.