டிராகன் முகத்தில் ஓர் எழுத்து

கதைக்கு அட்டைப்படம் வரைந்த பெண்ணுக்கு மூட்டை தூக்கும் தொழிலாளி தர வேண்டிய பாக்கி இரண்டாயிரத்து நூற்றைம்பது ரூபாய். கிடங்கின் கூரை ஓட்டை வழியாக விழும் வெயிலில் சிமென்ட் தூசி மிதக்கிறது. மூட்டை மேல் உட்கார்ந்து, கீறல் விழுந்த கைபேசியையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நாற்பது வயதில் எழுத்துக் கற்றவர். இணைய எழுத்துக் குழு பிழை திருத்திக் கொடுத்த அவருடைய மாயக்கதை இரண்டு மணிக்கு வெளியாகும் என்று எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. இன்னும் ஐந்து நிமிடம்தான் இருக்கிறது. அட்டையில் டிராகன் சிறகு விரித்து நிற்கிறது. முகத்தின் குறுக்கே ‘மாதிரி’ என்று சாம்பல் எழுத்து. பணம் போனால்தான் அது போகும். ‘அடுத்த வாரம் தரேம்மா’ என்று அனுப்பிய செய்திக்குப் பதிலே இல்லை. “என்னண்ணே, கொலைக்கேஸ் தீர்ப்பா வரப்போகுது?” என்கிறார் லாரி டிரைவர். “சும்மா இருய்யா.” கைபேசி அதிர்கிறது. ‘அண்ணா, கடைசியில அந்தக் கிழட்டு டிராகனைக் கொன்னுட்டீங்களே, வரையும்போதே அழுதுட்டேன். பாக்கிய விடுங்க. அடுத்த பாகத்துல அதோட குட்டியப் பறக்கவிடுங்க, கணக்கு சரியாப் போச்சு.’ கீழே சாம்பல் எழுத்து இல்லாத புது அட்டை இறங்குகிறது. டிராகன் இவரை நேராகப் பார்க்கிறது. தேய்ந்துபோன கட்டைவிரலைக் கைபேசி மதிக்கவில்லை. சுண்டுவிரலைச் சட்டையில் துடைத்து, ‘பறக்கும்மா’ என்று எழுத்துக்கூட்டி அனுப்பிவிட்டு, புது அட்டையை ஏற்றி, ‘வெளியிடு’ என்பதை அழுத்துகிறார்.