அரைச் சுற்று

டெலஸ்கோப்பில் பார்க்கும்போது என் மனைவி கண்ணாடியைக் கழற்றிவிடுவாள். அவள் பவருக்கு ஃபோகஸ் குமிழை அரைச் சுற்று திருப்ப வேண்டும். அவள் பார்த்து முடித்ததும் நான் பழையபடி திருப்பிக்கொள்வேன். முப்பது வருஷ வழக்கம்.

அவள் போய் எட்டு மாதம் ஆகிறது. இப்போதும் நான் டீ எடுக்கக் கீழே போய்விட்டு மொட்டை மாடிக்கு வந்தால், குமிழ் அரைச் சுற்று திரும்பியிருக்கிறது.

மகளிடம் இதைச் சொல்லியிருக்கக் கூடாது. "தனியா இருந்து மண்டை குழம்பிடுச்சுப்பா உங்களுக்கு. பேசாம என்கூட வந்துடுங்க" என்று பெட்டி கட்டவே வந்துவிட்டாள்.

கிளம்புவதற்கு முந்தைய ராத்திரி, அன்னம் நட்சத்திரக் கூட்டத்தில் ஓர் இரட்டை நட்சத்திரத்தை மகளுக்குக் காட்டினேன். ஒன்று மஞ்சள், ஒன்று நீலம். அவளே ஃபோகஸ் செய்து பார்த்தாள்.

"ரெண்டும் எப்டி ஒட்டிக்கிட்டு இருக்குப்பா!"

டீ குடிக்கச் சேர்ந்தே இறங்கினோம். மாடிக் கதவை அவளே பூட்டினாள். திரும்பி வந்து, நகர்ந்துபோன நட்சத்திரத்தைத் தேடிப் பிடித்தவள் அப்படியே குனிந்து நின்றாள்.

"மங்கலா இருக்காம்மா?" என்றேன்.

குமிழை அரைச் சுற்று திருப்பினாள். மெல்ல நிமிர்ந்து, பக்கத்திலிருந்த காலி ஸ்டூலைப் பார்த்து, "ம்மா, எவ்ளோ நேரந்தான் நீயே பாப்ப? எனக்கும் கொஞ்சம் விடேன்" என்றாள்.