கோகோ முருகன்

கோகோ விளம்பரத்துக்குக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார் கமலநாயகி அக்கா.

வாசலில் நின்ற எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இன்னும் கிட்டே போய்ப் பார்த்ததும் மூச்சு நின்றுவிட்டது.

எண்பத்தாறில் நடந்தது இது. நான் பார்த்தசாரதி, மெட்ராஸ்காரன், ஜெர்மனியில் பான் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவன். அக்கா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அகதிகள் விடுதியில் ஓர் அறையில் இருந்தார். ஒரே மகன் கொழும்பில் காத்துக்கொண்டிருந்தான். அக்காவின் விண்ணப்பம் முடிவானால்தான் அவனைக் கூப்பிட முடியும்.

அவருக்கு வரும் ஜெர்மன் கடிதங்களைப் படித்துச் சொல்ல அவ்வப்போது போவேன்; கீழ்க்கூடத்திலேயே படித்துவிடுவேன், மேலே அறைக்குப் போனது அன்றுதான் முதல் தடவை. விடுதியில் எனக்கு நல்ல பெயர்.

எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. பழைய விளம்பர அட்டைகள் சேர்ப்பது. அந்தக் காலத்தில் இங்கே சாக்லேட், கோகோ பாக்கெட்டுக்குள் ஒரு வண்ணப்பட அட்டை போட்டுத் தருவார்கள். பிள்ளைகள் அதைச் சேர்த்து ஆல்பத்தில் வைப்பார்கள்.

ஒரு கோகோ கம்பெனி, முதல் உலகப் போருக்கு முன்னால், 'இந்தியக் கடவுள்கள்' என்று ஆறு அட்டை போட்டிருந்தது. ஐந்து என்னிடம் இருந்தன. ஆறாவது, மயில்மேல் முருகன். பழைய சாமான் சந்தைகளில் மூன்று வருடம் அலைந்தும் அகப்படவில்லை.

அந்த ஆறாவதுதான் அக்காவின் அலமாரிமேல், கண்ணாடிச் சட்டத்துக்குள், சந்தனப் பொட்டோடு உட்கார்ந்திருந்தது.

எங்கே கிடைத்தது என்று கேட்டேன். ஜெர்மன்காரர்கள் வேண்டாத தட்டுமுட்டுச் சாமான்களைத் தெருவில் வைக்கும் நாளில் அந்த அலமாரியைத் தூக்கிவந்தாராம். இழுப்பறையைத் திறந்தால் உள்ளே முருகன். இந்த நாட்டில் வந்து இறங்கிய முதல் வாரமே. அன்றிலிருந்து எந்தக் கடிதம் வந்தாலும் முருகன் காலடியில் வைத்த பிறகுதான் என்னிடம் பிரிக்கக் கொடுப்பாராம்.

நான் கேட்டிருக்கலாம். "அக்கா, எனக்கு இது வேணும்" என்று நாலு வார்த்தை. உதவி செய்யப் போன இடத்தில் கை நீட்டுவதா என்று கௌரவம் தடுத்தது. பொய் சொல்ல மட்டும் அது தடுக்கவில்லை.

"அக்கா, இது சாமி படமே இல்லை. வெறும் விளம்பரம். இதை வச்சுப் பூஜை பண்ணவே கூடாது. உங்க கேஸ் இழுத்துண்டே போறதுக்கு இதுதான் காரணமோ என்னவோ."

அக்காவின் முகம் வாடிப்போனது. பார்த்துக்கொண்டே தொடர்ந்தேன். பழுதான சாமி படங்களை ஊரில் ஆற்றில் விடுவோமே, அதுபோல நானே ரைன் ஆற்றில் விட்டுவிடுகிறேன், பதிலுக்குப் பெரிய காலண்டர் முருகன் தருகிறேன் என்றேன்.

அக்கா படத்தை எடுத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு, என் கையில் தந்தார்.

"ஞாயிற்றுக்கிழமை விடுவம் தம்பி. நானும் வாறன்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் மூளை உள்ளவனுக்கு வழியா இல்லை? வீட்டுக்குப் போனதும் முருகனைச் சட்டத்திலிருந்து எடுத்து ஆல்பத்தில் வைத்தேன். என்னிடம் இரண்டாக இருந்த அட்டைகளில் ஒன்று ரயில் இன்ஜின் படம். அளவு சரியாக இருந்தது. அதைச் சட்டத்துக்குள் வைத்து மஞ்சள் துணியில் சுற்றிக் கட்டினேன்.

ஞாயிறு காலை பாலத்தடிக்கு அக்கா தனியாக வரவில்லை. நேசமலர், அன்னப்பிள்ளை என்று பாதி விடுதியே வந்திருந்தது. பூ கொண்டுவந்திருந்தார்கள், தேவாரம் பாடினார்கள். குளிரில் கைகூப்பி நின்ற அன்னப்பிள்ளை அழுதேவிட்டார். நான் ரயில் இன்ஜினை மூன்று முறை தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டு ஆற்றில் விட்டேன். காலண்டர் முருகனை அக்காவிடம் கொடுத்தேன். எல்லாரும் எனக்கு நன்றி சொன்னார்கள்.

திரும்பும்போது மற்றவர்கள் முன்னால் போக, அக்கா நடையைத் தளர்த்தி என் பக்கத்தில் வந்தார்.

"படத்தைப் பத்திரமா வைச்சிருங்கோ தம்பி."

எந்தப் படம் என்று கேட்க வாயெடுத்தேன். காது மடல்வரை சுட்டது.

"நான் தரேக்க உங்கட கை நடுங்கினது. அப்பிடி வாங்கின ஆள் ஆத்தில விடுவாரே?"

அது விளம்பரம் என்பதும் அவருக்கு முதல் மாதமே தெரியுமாம். ஜெர்மன் வகுப்பு டீச்சர் பின்பக்கத்தைப் படித்துச் சொல்லியிருக்கிறாள். எதுக்குள் வந்தால் என்ன, முருகன் முருகன்தானே என்று வைத்துக் கும்பிட்டிருக்கிறார்.

கூனிக் குறுகிப்போனேன். அவர் கேஸைப் பற்றி நான் சொன்னது என் காதிலேயே திரும்ப ஒலித்தது. இன்றைக்கே படத்தைத் திருப்பிக் கொண்டுவருகிறேன் என்று முணுமுணுத்தேன். வேண்டாம் என்று தலையசைத்தார். கேட்டிருந்தால் அன்றைக்கே சந்தோஷமாகத் தந்திருப்பேன் என்றார்.

"எல்லாம் தெரிஞ்சும் எதுக்கு அக்கா இந்தக் குளிர்ல எல்லாரையும் கூட்டிண்டு வந்தீங்க?"

முன்னால் போகிறவர்களுக்குக் கேட்காதபடி சொன்னார்.

"நீங்கள் படத்தோட படி இறங்கிப் போனதை விடுதிச் சனம் எல்லாரும் கண்டவை. அகதியின்ர சாமியைப் பறிச்சுக்கொண்டு போயிட்டார் எண்டு நாளைக்கு உங்களைப் பற்றி ஒருத்தரும் கதைக்கப்படாது. அதுதான் தம்பி, அவையின்ர கண்ணுக்கு முன்னால உங்களைக் கொண்டே ஆத்தில விடப்பண்ணினனான்."