பூட்டிய செய்தி

அலுவலகத்தில் பூங்கோதையின் மேசைக்கடியில் ஒட்டியிருந்த சென்சாருக்குத் தன்னை நினைத்து ஒரே பெருமை.

"ஆள் இருக்கா, இல்லையா, அவ்வளவுதான் அனுப்புவேன். அதையும் பூட்டித்தான் அனுப்புவேன். சுமந்துட்டுப் போற வைஃபையாலகூடப் படிக்க முடியாது" என்றது.

"நம்ம பூங்கோதை பிரசவத்துக்குப் போயிருக்காளே, அதைச் சொன்னியா?" என்று கேட்டது நாற்காலி.

"பேரு, காரணம் எல்லாம் அடுத்தவங்க ரகசியம். மூச்சு விடமாட்டேன்."

அவள் விடுப்பில் இருந்த ஆறு மாதமும் 'ஆள் இல்லை' என்ற செய்தி மட்டும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. அதைப் பார்த்து, இடம் ஒதுக்குகிறவர்கள் மேசையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

பூங்கோதை இனிப்புப் பெட்டியோடு திரும்பி வந்தாள். பெட்டியை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள்.

"பார்த்தியா, இவளைப் பத்தி ஒரு வார்த்தைகூட வெளியே விடல" என்றது சென்சார்.