அந்தோனியாரின் சிவப்பு பல்ப்

வயர் சூடேறிப் புகைவதால், விற்ற பஸ்களையெல்லாம் கம்பனி கராஜுக்குத் திருப்பி அழைத்திருந்தது. கொட்டாஞ்சேனை ஹியூபேட் தன் பஸ்ஸோடு வந்து நின்றான்.

இன்ஜினியர் சண்முகலிங்கம் ஒரு கடிதத்தை நீட்டினார். “பஸ்ஸுக்குள்ள இருக்கிற அந்தோனியார் சிலைக்கு நீர் பூட்டின பல்ப்தான் பிழைக்குக் காரணம் எண்டு இருக்கு. சைன் வையும்.”

“வைக்க மாட்டன் சேர்.”

“பல்ப் நீர் பூட்டினதுதானே?”

“ஓம், நான்தான் பூட்டினனான்.”

“பிறகென்ன? சைன் இல்லாட்டி பஸ்ஸைத் திருத்தித் தர ஏலாது.”

“இஞ்சையே கிடக்கட்டும். செய்யாத குற்றத்துக்கு அந்தோனியாரைக் காட்டிக்குடுக்க மாட்டன். முதல்ல பஸ் பற்றரியைக் கழட்டுங்கோ, பிறகு கதைப்பம்.”

சண்முகலிங்கம் கடுப்போடு கழற்றினார். ஹெட்லைட், மணி, உள்விளக்கு எல்லாம் செத்துப்போயின. அந்தோனியாரின் காலடியில் சிவப்பு பல்ப் மட்டும் எரிந்துகொண்டே இருந்தது.

இன்ஜினியரின் கைகள் தாமாகவே கும்பிட்டன.

ஹியூபேட் சிலையைத் தூக்கிக் காட்டினான். அடியில் பல்ப்போடு இணைத்த இரண்டு டோர்ச் பற்றரிகள் இருந்தன.

“வயர் புகையுதெண்டு உங்களுக்கு மூண்டு தரம் எழுதினனான் சேர். நீங்கள் நம்பேல்லை. அந்தோனியார் நம்பினவர், அதுதான் உங்கட வயரைத் தொடேல்லை.”