மூன்று நாள் பட்டினி

"மூணு நாளா மீனுக்குப் பட்டினி போட்டவகூட ஒரே அறையில இருக்க முடியாது, மேடம். அவளை வேற அறைக்கு மாத்துங்க. இல்லேன்னா என்னை மாத்துங்க."

விடுதி வார்டனின் மேஜைமேல் கடிதத்தை வைத்துவிட்டு நின்றாள் மீன்காரி.

நிஜ மீன்காரி இல்லை. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு வேதியியல். அறையில் மீன் வளர்ப்பதால் விடுதி வைத்த பேர்.

மீன் என்றால் ஒரே ஒரு சிக்லிட் குஞ்சு. நகத்தளவில் வாங்கி, ஒன்றரையடித் தொட்டியில் விட்டு, ஆறு மாதத்தில் விரல் நீளத்துக்கு வளர்த்திருந்தாள். துணைக்கு இன்னொன்றை விட்டால் கடித்தே தீர்த்துவிடும் என்பதால் தனிக்குடித்தனம்.

ஆனால் மனுஷர்களிடம் மட்டும் அப்படிக் குழையும். யார் நிழல் பட்டாலும் கண்ணாடிப் பக்கம் ஓடி வந்து, பிறந்ததிலிருந்து எதையுமே தின்னாததுபோல் வாயைப் பிளக்கும்.

அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் என்று பத்து நாள் ஊருக்குப் போனாள் மீன்காரி. போகும்போது தீனி டப்பாவை அறைத்தோழியிடம் காட்டி, காலையில் நாலே நாலு உருண்டை, அதற்குமேல் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

அந்தத் தோழிக்கு விடுதி வைத்த பேர் சிடுமூஞ்சி. குட்மார்னிங் சொன்னால் 'எதுக்கு?' என்று கேட்கிற ரகம்.

திரும்பி வந்து பார்த்தால் மீன் தொட்டியின் அடியில் ஒரு மூலையில் ஒருக்களித்துக் கிடக்கிறது. தீனி டப்பாவைக் காணோம்.

விஷயத்தைப் போட்டு உடைத்தது பக்கத்து அறை வானொலி. எந்தச் செய்தியும் வாயில் தங்காத பெண்ணுக்கு விடுதி வைத்த பேர் அது. டப்பா மூன்று நாளாகச் சிடுமூஞ்சியின் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கிறதாம். சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டு திரிகிறாளாம். தான் கெஞ்சிக் கேட்டும் தரவில்லையாம்.

அதற்குப் பிறகுதான் இந்தக் கடிதம்.

வார்டன் கடிதத்தை இரண்டு முறை படித்தார். பிறகு எழுந்து அறைக்கே வந்துவிட்டார். பின்னால் மீன்காரி, அவள் பின்னால் வானொலி. என்ன ரகளை என்று பார்க்க, கரண்டியும் கையுமாக மெஸ் அக்காவும் வாசலில் வந்து நின்றார்.

சிடுமூஞ்சி தொட்டித் தண்ணீரைச் சின்னக் குழாய் வைத்துப் பக்கெட்டில் இறக்கிக்கொண்டிருந்தாள்.

டப்பாவைப் பூட்டியது உண்மையா என்று கேட்டார் வார்டன். உண்மை என்றாள். மூன்று நாளாக எதுவும் போடவில்லையா என்றார். போடவில்லை, நாளைக்கும் போடப்போவதில்லை என்றாள்.

"பாவம், வாயில்லா ஜீவன்" என்று முணுமுணுத்தாள் வானொலி.

"இதுக்கா வாயில்ல? வாயைத் தவிர இதுக்கு வேற என்ன இருக்கு?" சிடுமூஞ்சி அப்போதுதான் நிமிர்ந்தாள். "மேடம், கொஞ்சம் குனிஞ்சு அது வயித்தைப் பாருங்க. பட்டினி கிடந்த வயிறா அது?"

வார்டன் குனிந்து பார்த்தார். கோலிக்குண்டை விழுங்கினதுபோல் உப்பியிருந்தது.

மீன்காரி ஊருக்குப் போன ஏழாம் நாள் காலையில் மீன் மல்லாந்து கிடந்ததாம். பஸ் பிடித்துப் போய் மீன் கடைக்காரரைக் கேட்டாளாம். நாலு நாள் வாயில் ஒன்றும் காட்டாதே, தினமும் பாதித் தண்ணீரை மாற்று, பிழைத்தால் உன் அதிர்ஷ்டம் என்று அவர் கையை விரித்துவிட்டாராம்.

"நான் போட்டது நாலு உருண்டைதான். அடியில அழுகிக் கிடந்ததை அள்ளினா ரெண்டு கை. நான் வகுப்புக்குப் போனப்புறம் யாரோ வந்து கொட்டியிருக்காங்க. யாருன்னு துப்பறிய எனக்கு நேரமில்ல. டப்பாவைப் பூட்டிட்டேன். நேத்து வரைக்கும் மல்லாந்து கிடந்துச்சு, இன்னிக்கு ஒருக்களிச்சிருக்கு. நாளைக்கு நிமிந்துடும்."

"இதை எங்கிட்ட ஏன்டி சொல்லல?" என்றாள் மீன்காரி. குரலில் பழைய காரம் இல்லை.

"ஆஸ்பத்திரியில அப்பா பக்கத்துல உக்காந்திருக்கிறவளுக்குப் போன் பண்ணி, மீனுக்கு வயிறு சரியில்லைன்னு சொல்லவா?"

சொல்லிவிட்டுக் குழாயைத் தொட்டியின் இன்னொரு மூலைக்கு நகர்த்தினாள்.

வார்டன் திரும்பி வானொலியைப் பார்த்தார். பார்த்த பார்வையிலேயே அவள் கக்கிவிட்டாள்.

"ஒரு சிட்டிகைதான் மேடம். பத்து மணிக்கு. இவதான் ஊர்ல இருந்து போன் பண்ணினா. சிடுமூஞ்சி மறந்துடுவா, உன்னை மட்டும்தான் நம்பறேன், யார்கிட்டயும் மூச்சு விடாதேன்னு சொன்னா. நானும் விடல."

வானொலி வாழ்நாளில் காப்பாற்றிய ஒரே ரகசியம் அது.

வாசலில் கரண்டி மெல்லப் பின்வாங்கியது. வார்டன் நிற்கச் சொன்னார். மெஸ் அக்கா மென்று விழுங்கினார். சாயங்காலம் தம்ளர் எடுக்க வரும்போதெல்லாம் அது வாயைப் பிளந்ததாம், மனசு கேட்கவில்லையாம். அவருக்கும் போன் வந்திருந்தது. அதே நம்பிக்கை, அதே ரகசியம்.

மீன்காரி தரையைப் பார்த்தாள்.

"ஒருத்தர் மறந்தா இன்னொருத்தர் போடுவாங்களேன்னு... ஒரு பாதுகாப்புக்குத்தான் மேடம்."

வார்டன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு சிடுமூஞ்சியிடமிருந்து நிறைந்த பக்கெட்டைத் தன் கையில் வாங்கிக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்:

"மதியானம் ரெண்டு மணிக்குப் போட்டது நான்தாம்மா. இந்த விடுதியில என்னைத் தவிர வேற யாரையும் நம்ப முடியலைன்னு எங்கிட்ட அழுதா."